தேடினால் கிடைப்பது எழுத்தா, பொருளா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் விரும்பிச் செய்யும் வேலை, வீட்டில் இருக்கும் பழைய பத்திரம், சீர்வரிசைப் பட்டியல், கடிதம் போன்றவற்றை டைப் செய்து பைலாக வைப்பது. டைப் செய்துவிட்டால், கண்ட்ரோல் கீயுடன் எப் அழுத்தி எதையும் தேடலாம் அல்லவா? தேடலாம். ஆனால் அந்தத் தேடல் எழுத்தை மட்டுமே பார்க்கும். இதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம்.

1010 ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழனும், அவனுடைய தமக்கை குந்தவையும், மற்றவர்களும் தந்த திருமேனிகள், பாத்திரங்கள், நகைகள் ஆகியவை கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் எடையுடன் எழுதப்பட்டுள்ளன. ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இவற்றை 1891 முதல் பகுதி பகுதியாக அச்சில் கொண்டு வந்தார்.

இவற்றில் சில பக்கங்களை டைப் செய்து, "ஆடவல்லான்" என்று தேடிப் பார்த்தேன். ஒரே சொல், மூன்று பொருள்! ஓரிடத்தில் அது இறைவன் பெயர். இன்னோரிடத்தில் பொன்னை நிறுக்கும் எடைக்கல். வேறோரிடத்தில் நெல் அளக்கும் மரக்கால். நமக்குப் படித்தவுடன் புரிகிறது. கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது?

அதற்குத்தான் டேக். சொல்லின் முன்னும் பின்னும் "இது இன்னது" என்று குறித்துவிடுவது. பழைய நூல்களையும் ஆவணங்களையும் இப்படிக் குறிப்பதற்காக 1987-ல் டி.இ.ஐ. என்ற பொது விதிமுறை உருவாக்கும் பணி தொடங்கியது. 2007-ல் இதன் ஐந்தாம் பதிப்பு வந்தது. பொருள்களைத் தனியே விவரிக்க 2019-ல் ஒரு டேக் சேர்க்கப்பட்டது. கல்வெட்டுகளுக்கென எபிடாக் என்ற துணை விதிமுறையும் உள்ளது. இவற்றின் டேக் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். இவை எழுதப்படும் எக்ஸ்.எம்.எல். முறை தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பதால், மாதிரிக்கு நானே எழுதிய ஒரு வரியைத் தமிழ் டேக்குகளுடன் தருகிறேன்.

<ஆவணம்>
<எடைக்கல்>ஆடவல்லான்</எடைக்கல்> என்னும் கல்லால் நிறுத்த <பொருள் வகை="நகை">பொன் வளையல்</பொருள்> ஒன்று, எடை <எடை அலகு="மஞ்சாடி" அளவு="195">9 கழஞ்சு 15 மஞ்சாடி</எடை>
</ஆவணம்>

195 எப்படி வந்தது? அக்கணக்கில் 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. எனவே 9 கழஞ்சு என்பது 180 மஞ்சாடி, அதனுடன் 15. மூலத்தில் உள்ள சொற்களைத் தொடாமல், கூட்டுவதற்கு ஏற்ற எண்ணை டேக்கிற்குள் வைத்துவிட்டோம். நூறு நகைகளை இப்படிக் குறித்தால், மொத்த எடையைக் கம்ப்யூட்டரைக் கொண்டே கூட்டலாம்.

நீங்களும் செய்து பார்க்கலாம். நோட்பேடைத் திறந்து, மேலே உள்ளதை யூனிகோட் தமிழில் டைப் செய்திடவும். சேவ் ஆஸ் விண்டோவில் ஆல் பைல்ஸ் என்பதையும், என்கோடிங் பகுதியில் யு.டி.எப்.-8 என்பதையும் தேர்ந்தெடுக்கவும். பைலின் துணைப் பெயராக எக்ஸ்.எம்.எல். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தரவும். பின் அந்த பைலை பிரவுசரில் திறக்கவும். திறந்த டேக் ஒன்றை மூடாமல் விட்டிருந்தால், எந்த வரியில் தவறு என்று பிரவுசர் காட்டிவிடும். இப்போது நோட்பேடில் "<எடைக்கல்>ஆடவல்லான்" என்று தேடினால், இறைவனும் மரக்காலும் விலகி நிற்க, எடைக்கல் மட்டும் வரும்.

வேர்டில் வண்ணம் பூசினால் போதாதா என்று கேட்கலாம். வண்ணம் நம் கண்ணுக்கு மட்டும்தான். சிவப்பு என்றால் நகை என்பது அடுத்தவருக்குத் தெரியாது. டேக் போட்ட பைலோ வெறும் எழுத்துதான். எந்தக் கம்ப்யூட்டரிலும், சாதாரண நோட்பேடிலேயே திறக்கும்.

ஓர் எச்சரிக்கை. டேக் போடுவது ஒரு தீர்ப்புச் சொல்வது போல. எடைக்கல்லை இறைவன் என்று குறித்துவிட்டால், பின்னால் வருபவர் அதையே நம்பிக் கணக்கிடுவார். எனவே எழுத்து தேய்ந்த இடத்தில் ஊகித்து நிரப்பாமல், <தெளிவில்லை> என்றே குறித்து வையுங்கள். நகை உருக்கப்பட்டிருக்கலாம், பாத்திரம் தொலைந்திருக்கலாம். அவை இருந்ததற்கு அந்த வரிதான் மிஞ்சிய சாட்சி. உங்கள் பாட்டியின் சீர்வரிசைப் பட்டியலுக்கும் இது பொருந்தும். இந்த வாரமே அதிலிருந்து பத்து வரிகளை எடுத்துத் தொடங்குங்கள்.