பங்கிட்ட பின் சேமியுங்கள்



ஓராண்டு ஹஜ்ஜுப் பெருநாளின்போது, பசியால் வாடிய கிராமப்புற அரபிகள் மதீனாவுக்கு வந்து சேர்ந்தனர். அவ்வாண்டு, குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நெருக்கடி நீங்கிய பின், உண்ணவும் சேமிக்கவும் தர்மம் செய்யவும் அனுமதித்தார்கள். ஆகவே சேமிப்பது குற்றமன்று. அண்டை வீட்டார் பசித்திருக்கப் பதுக்குவதே குற்றம்.

சேமிப்பதற்கும் முறை உண்டு. சாத்தான்குளம், காயல்பட்டணம் போன்ற நம் ஊர்களின் வெயிலில், விருந்தில் மிஞ்சிய நெய்ச்சோற்றையும் கறியையும் அண்டாவோடு இரவு முழுதும் விட்டுவைப்பது ஆபத்து. அவற்றை ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்திற்குள், கடுங்கோடையில் 1 மணி நேரத்திற்குள், குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். உள்ளே வெப்பம் 4 டிகிரி செல்சியசுக்கு மேற்படலாகாது. பாத்திரங்களை மூடி வையுங்கள்; அது நபிமொழி கற்பித்த ஒழுக்கமுமாகும். பச்சை இறைச்சி கீழ்த்தட்டில் இருக்கட்டும். சமைத்ததை 3, 4 நாட்களுக்குள், ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணுங்கள். நெடுநேரம் வெளியே கிடந்த சோற்றில் உண்டாகும் நஞ்சோ, மீண்டும் கொதிக்க வைத்தாலும் நீங்காது.

தாய்மார்களே, சிந்தியுங்கள்! நான்காம் நாள் முகர்ந்து பார்த்து, நமக்கு ஆகாதென்று ஒதுக்கியதை வாசலில் நிற்கும் ஏழைக்கு அளிப்பது தர்மமாகுமா? தாமே ஏற்கத் தயங்கும் மட்டமான பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடுவதைத் திருமறை (2:267) தடுக்கிறதே! ஏழையின் பங்கு, முதல் நாளே, சூடாக அவர் வீடு போய்ச் சேரட்டும். எஞ்சியதற்கே குளிர்சாதனப் பெட்டி.