சிரிக்காத நடிகர்களும் சிரிக்கும் சபையும்

ஒரு மனிதன் ரயிலிலிருந்து இறங்கி, இரவு வேளையில் பூங்காவிலுள்ள பெஞ்சியொன்றில் கண்ணயர்கிறான். முரடர்கள் மூவர் அவனைத் தலையில் அடித்து வீழ்த்தி, உடைமைகளைப் பறித்துக்கொள்கின்றனர். ஆஸ்பத்திரியில் அவனைச் சோதித்த மருத்துவர், உயிர் பிரிந்துவிட்டது எனக் கூறிவிட்டு அப்பால் செல்கிறார். சற்று நேரத்திற்கெல்லாம் அந்தப் ‘பிணம்’ எழுந்து உட்காருகிறது. கோணிப்போன மூக்கைத் தானே திருகி நிமிர்த்திக்கொள்கிறது. தலை முழுதும் சுற்றிய கட்டுகளுடன் வெளியே நடந்து செல்கிறது. இத்தனை கொடுமையான காட்சியைக் கண்டு படம் பார்ப்போர் என்ன செய்கின்றனர்? அவர்களுள் பலர் சிரித்துவிடுகின்றனர்!

பின்லாந்து நாட்டு இயக்குநர் ஆக்கி கௌரிஸ்மாக்கி 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கடந்த காலமில்லா மனிதன்’ என்னும் படத்தின் தொடக்கம் இது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் இப்படம் நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது. இதில் இரட்சணிய சேனைப் பெண்ணாக நடித்த காத்தி ஊட்டினென் சிறந்த நடிகையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தன் பெயரையும் ஊரையும் மறந்துவிட்ட மனிதனாக மார்க்கு பெல்டோலா நடித்தார். ஹெல்சிங்கி நகரின் கரையோரத்தில் பழைய சரக்குப் பெட்டகங்களுள் குடியிருக்கும் ஏழைகள் அவனைப் பேணிக் காப்பாற்றுகின்றனர். அவனும் ஒரு பெட்டகத்தை வாடகைக்கு எடுத்து, அதன் அருகே உருளைக்கிழங்கு பயிரிட்டு, புதியதொரு வாழ்க்கையைத் தொடங்குகிறான்.

இப்படத்தைக் காண்போர் எதற்காகச் சிரிக்கின்றனர், எதனை நம்பிவிடுகின்றனர் என்னும் இரு வினாக்களும் ஆராயத்தக்கவை. இரண்டாவது வினாவுக்கும் நம் வகுப்பறைகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

முகத்தில் சலனம் இல்லை

இப்படத்தின் நடிகர்கள் சிரிப்பதில்லை, அழுவதும் அரிது. துக்கமோ காதலோ வறுமையோ எதுவாயினும், ஒரே முகபாவத்துடன் சில சொற்களில் பேசி முடித்துவிடுகின்றனர். நடிகரின் முகம் ஒன்றும் கூறாதபோது, அதற்குரிய பொருளைப் பார்ப்பவரே தேடிக்கொள்ள வேண்டியதாகிறது. ஆகவே ஒரே காட்சி ஒருவருக்கு வேடிக்கையாகவும், பக்கத்தில் இருப்பவருக்குத் துயரமாகவும் படலாம்.

இதைக் குறித்துத் திரைப்பட வரலாற்றில் ஒரு பழைய சோதனை கூறப்படுவதுண்டு. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், நடிகர் ஒருவரின் சலனமற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி முதலிய காட்சிகளை அடுத்து மாறி மாறிக் காட்டினாராம். அதே முகத்தில் பார்த்தோர் ஒரு முறை பசியையும் மறு முறை துயரத்தையும் கண்டனராம். பிற்கால ஆராய்ச்சிகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. 1992-இல் வெளியான ஆய்வொன்றில் அத்தகைய விளைவு கிட்டவில்லை. 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வோ, அருகே காட்டப்படும் காட்சிக்கு ஏற்ப முகத்தைப் பற்றிய நம் கணிப்பு மாறுகிறது எனக் காட்டிற்று.

சபை என்னும் சூழ்நிலைக்கும் இதில் பங்குண்டு. தனித்திருக்கையில் சிரிப்பதைக் காட்டிலும் பிறருடன் இருக்கையில் மனிதர் ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாகச் சிரிக்கின்றனர் என்பது அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் புரோவைனின் முடிவு. எனவே, ‘இங்கே சிரிக்கலாமா?’ என்று தயங்கி நிற்கும் சபையில் எவரேனும் ஒருவர் சிரித்துவிட்டால், மற்றவர்க்கும் அனுமதி கிடைத்ததுபோல் ஆகிவிடுகிறது. இந்தச் சிரிப்பை ஈவிரக்கமற்றது என்று எண்ண வேண்டியதில்லை. அடிபட்டவன் தன்னைக் குறித்துப் புலம்பாமையால், பார்ப்பவர் அவன்பால் இரக்கத்தைவிட மதிப்பையே மிகுதியாகக் கொள்கின்றனர்.

சபை நம்பிவிடும் பொய்

மூக்கைத் திருகி நிமிர்த்தும் காட்சியை யாரும் உண்மையென்று கொள்ளார். ஆனால், தலையில் அடிபட்டவன் தன் பெயரை மறந்துவிட்டான் என்பதை மட்டும் சபையோர் எவ்விதத் தயக்கமுமின்றி ஏற்றுக்கொள்கின்றனர். ஞாபகமறதி நோய் என்றால் பெயரை மறப்பதே என்னும் எண்ணம் அத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது.

டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரி என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவில் 1,500 பேரிடம் நடத்திய கருத்துக் கணிப்பை 2011-இல் வெளியிட்டனர். ஞாபகமறதி நோயாளிகள் தம் பெயரையும் தாம் யார் என்பதையும் மறந்துவிடுவதே வழக்கம் என்னும் கூற்றைச் சுமார் 83 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர். ஆனால் இது உண்மைக்கு மாறானது. லண்டனைச் சேர்ந்த நரம்பியல் உளவியல் நிபுணர் சாலி பேக்ஸண்டேல், திரைப்படங்களில் ஞாபகமறதி காட்டப்படும் விதத்தை ஆராய்ந்து 2004-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலான படங்கள் மருத்துவ உண்மைக்கு மிகவும் விலகி நிற்பதாக அவர் கண்டார். உண்மைக்கு நெருங்கியவை என அவர் பாராட்டிய மிகச் சிலவற்றுள், சிறுவர்க்கான கார்ட்டூன் படமாகிய ‘நெமோவைத் தேடி’யும் ஒன்று. அப்படத்தில் வரும் டோரி என்னும் மீன் தன் பெயரை மறப்பதில்லை. சற்று முன் கேட்ட செய்தியைத்தான் மறந்துவிடுகிறது.

ஞாபகம் உண்மையில் எவ்வாறு அழிகிறது?

தலையில் பலத்த அடிபட்டவர்க்கு இருவகை மறதி உண்டாகலாம். அடிபடுவதற்கு முன் நிகழ்ந்தவை மறந்துபோவது ஒருவகை. அடிபட்டபின் நிகழ்பவை மனத்தில் பதியாமற் போவது மற்றொரு வகை. நடைமுறையில் இந்த இரண்டாவது வகையே பெரும்பாலும் நெடுநேரம் நீடித்துத் தொல்லை தருவது.

முதல் வகையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அண்மைக் கால நினைவுகளே முதலில் அழிகின்றன. பழைய நினைவுகள் உறுதியுடன் நிலைத்து நிற்கின்றன. பிரெஞ்சு அறிஞர் ரிபோ இதனை 1881-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். தன் பெயரோ ஒருவன் மழலைப் பருவம் முதல் கேட்டுவருவது. ஆகையால், அடிபட்டு மயங்கியவன் தெளிவடையும்போது சிறிது நேரம் குழம்பினாலும், மற்றவற்றை நன்கு அறிந்திருந்து தன் பெயரையும் வரலாற்றையும் மட்டும் நெடுங்காலம் முற்றும் மறந்திருத்தல் மிக அரிது. அத்தகைய நிலை பெரும்பாலும் கடும் மன அதிர்ச்சியைத் தொடர்ந்து தோன்றுவது.

இதனை விளக்க ஹென்றி மோலைசன் என்னும் அமெரிக்கரின் வரலாறு சிறந்த சான்று. வலிப்பு நோயைக் குறைக்கும் பொருட்டு 1953-இல், அவரது 27-ஆம் வயதில், மூளையின் இருபுறத்திலும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகமும் அதனைச் சூழ்ந்த சில பகுதிகளும் அகற்றப்பட்டன. அதன் பின்னர் அவர் தம் பெயரை மறக்கவில்லை, இளமைக் கால நிகழ்ச்சிகளைக் கூறினார், தெளிவாகப் பேசினார். ஆனால், புதிதாகச் சந்தித்தவரைச் சில நிமிஷங்களுக்குள் மறந்துவிட்டார். 2008-இல் இறக்கும் வரையில் அவர் நிலை இதுவே.

கைகள் மறப்பதில்லை

கௌரிஸ்மாக்கியின் படத்தில் விஞ்ஞானத்திற்கு முற்றும் இசைந்த இடம் ஒன்று உண்டு. கதாநாயகன் ஒருநாள் துறைமுகப் பக்கத்தில் வெல்டிங் வேலை நடப்பதைப் பார்க்கிறான். கருவியை வாங்கிக் கையில் பிடித்ததும், உலோகத்தைப் பிசகின்றிப் பற்றவைக்கிறான். தான் யார் என்பதை அவன் அறியான்; ஆனால் அவன் கைகள் தம் தொழிலை அறியும்.

மோலைசனிடம் கனடா நாட்டு அறிஞர் பிரெண்டா மில்னர் நடத்திய சோதனை இதனையே காட்டுகிறது. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு, தாளிலுள்ள நட்சத்திர வடிவத்தின்மேல் கோடிழுக்க வேண்டும். மோலைசன் சில நாட்களில் இதனைத் திறம்படச் செய்யக் கற்றார். எனினும், முன்னர் அதைச் செய்ததாக அவர்க்கு நினைவே இல்லை. நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் வழி வேறு, கைத்திறனைக் காக்கும் வழி வேறு என்பது இதனால் தெளிவாகிறது. நெசவோ தச்சோ பழகியவர் ஒருவர் ஞாபகக் குறைவால் வருந்துவாராயின், அத்தொழிலையே பிடிகொம்பாகக் கொண்டு அவர்க்கு ஊக்கமளித்தல் கூடும்.

வகுப்பறையில் நேரும் அநீதி

சபையின் தவறான நம்பிக்கையால் தீங்கு விளையும் இடம் பள்ளிக்கூடமேயாம். மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட சிறுவன் ஒருவன் சில வாரங்களுக்குப்பின் பள்ளிக்குத் திரும்புகிறான் என்று கொள்வோம். அவன் தன் பெயரைச் சொல்லுகிறான். தோழரை அடையாளம் காண்கிறான். சென்ற ஆண்டு மனப்பாடம் செய்த செய்யுளையும் ஒப்புவிக்கிறான். ‘பையனுக்கு எல்லாம் சரியாகிவிட்டது’ என்று யாவரும் மகிழ்கின்றனர். ஆனால், காலையில் நடத்திய பாடம் மாலையில் அவன் மனத்தில் இல்லை. எழுதி வருமாறு கூறியதை மறந்துவிடுகிறான். விரைவில் அவனுக்குச் ‘சோம்பேறி’, ‘பொய்யன்’ என்னும் பட்டங்கள் சூட்டப்படுகின்றன, தண்டனையும் தொடர்கிறது. பெயர் நினைவிருப்பதால் ஞாபகத்தில் குறையில்லை என முடிவு கட்டிவிட்டோம்! தவறு நம்முடையது, தண்டனை அவனுக்கு.

இத்தகைய மாணவர்பால் ஆசிரியர்கள் கடைப்பிடிக்கத்தக்கவை சில:

1. பழைய பாடத்தை மட்டும் கேட்டு மதிப்பிடலாகாது. இன்று கற்றதைச் சிறிது நேரம் கழித்தும், மறுநாளும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

2. பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் திரும்பத் திரும்பப் பயிற்றுதல் நலம். கூறியவற்றைக் குறித்துக்கொள்ளச் சிறு குறிப்பேடு ஒன்று மாணவனிடம் எப்போதும் இருத்தல் வேண்டும்.

3. இடையிடையே ஓய்வு தருக. தலைவலி, களைப்பு, எரிச்சல் ஆகியவை நீடித்தால் பெற்றோருக்குத் தெரிவித்து மருத்துவரிடம் அனுப்புக.

மற்றொரு தப்பெண்ணத்தையும் களைதல் அவசியம். தலையில் மறுபடியும் ஓர் அடி விழுந்தால் ஞாபகம் திரும்பும் என்பது சினிமாக்காரர் கட்டிய கதையே. இரண்டாவது அடி மேலும் கேட்டையே விளைக்கும். அடிபட்டவருக்கு அடிக்கடி வாந்தி, மேன்மேலும் மிகும் உறக்கம் அல்லது தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் ஒழுகுதல் முதலிய குறிகள் காணப்பட்டால், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். படத்தின் கதாநாயகனைப்போல் எழுந்து நடந்துவிட்டான் என்பதற்காக அவனை வீட்டிற்கு அனுப்பிவிடுவது அபாயம்.

பெயரில்லாதவனுக்கு யார் பொறுப்பு?

இப்படத்தில் சபை மெல்லச் சிரித்துப் பின் சட்டென அடங்கிவிடும் காட்சிகள் அலுவலகங்களில் நிகழ்பவை. பெயர் கூற இயலாதவனுக்கு வேலை தேடித்தரும் நிலையத்தில் இடமில்லை. வெல்டிங் வேலை கிடைக்கும் தறுவாயிலும், கூலியைப் பெற வங்கிக் கணக்கு வேண்டுமாம். கணக்குத் திறக்கச் சென்ற வங்கியில் கொள்ளை நிகழ்கிறது. பெயர் சொல்லாத குற்றத்திற்காக இவனைப் போலீசார் அடைத்து வைக்கின்றனர். அவன் மூளைக்கு நேர்ந்த குறையைவிட, அதனால் ஊரார் அவனுக்கு இழைக்கும் குறையே பெரிது என்பதைச் சபை அப்போது உணர்கிறது.

கிராமங்களில் சுற்றுப்பயணம் செய்யும் களப்பணியாளர் இத்தகையோரைச் சாலையோரத்திலும் ரயிலடியிலும் காணக்கூடும். நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. மனநோயுற்றுத் தம்மைக் காத்துக்கொள்ள இயலாமல் அலைந்து திரிவோரைப் போலீசார் தம் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள அரசாங்க மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அவர்களைச் சிறையிலோ காவல் அறையிலோ அடைத்து வைத்தல் கூடாது. இவ்விதியைக் களப்பணியாளர் அறிந்திருந்து, தக்க நேரத்தில் போலீசாருக்குத் தகவல் தருவாராயின், ஓர் உயிரைத் தெருவிலிருந்து மீட்டவராவார்.

பள்ளியிலோ சமூகக் கூடத்திலோ இதுபோன்ற படத்தைக் காட்ட நேரிட்டால், விளக்கை ஏற்றியவுடன் சபையைக் கலைத்துவிடாதீர்கள். எந்த இடத்தில் சிரித்தீர்கள், ஏன் சிரித்தீர்கள், எதனை உண்மையென்று கொண்டீர்கள் என மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் விடை எளிதில் வரும். மூன்றாவதற்கு வரும் விடையிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். அக்கூட்டத்தில் தலையில் அடிபட்ட பிள்ளையின் தந்தையோ ஆசிரியரோ இருப்பாராயின், அன்றைய பாடம் அந்தப் பிள்ளைக்கே பயன்படும்.