ஒரே தரவு, இரண்டு அதிர்வெண்

மாணவர்களே, குன்றுகளின் உச்சியில் நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் முரசு போன்ற வட்டத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள மற்றொரு தட்டுக்கு அவை நுண்ணலையில் தரவுகளை அனுப்புகின்றன.

காற்று வீசாத அமைதியான இரவில்தான் இவற்றுக்குச் சோதனை! வெப்பக் காற்றும் குளிர்காற்றும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும்போது, அலையின் ஒரு பகுதி வளைந்து, சற்று நீண்ட பாதையில் வந்து சேரும். ஒன்றின் முகடு மற்றொன்றின் அகட்டில் விழுந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். இணைப்பு துண்டிக்கப்படலாம்.

கணக்கிட்டுப் பாருங்கள். பாதை வேறுபாடு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 6.15 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 20.5 அலைநீளம்; அழிவுதான். 6 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 சென்டிமீட்டர். அதற்கு அதே 1 மீட்டர் சரியாக 20 அலைநீளம். அலைகள் வலுப்பெறும்!

எனவேதான் ஒரே தரவை இரண்டு அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். காற்றடுக்கு நகர்ந்தால் நிலைமை தலைகீழாகலாம். பெறும் கருவி, எதில் பிழை குறைவோ அதற்கு உடனே மாறிக்கொள்ளும்.

ஆனால், இதற்கு இரு மடங்கு அலைவரிசை வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே, ஒரே கோபுரத்தில் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகளைப் பொருத்துவதும் உண்டு. நம் ஊர் அடைமழைக்கோ இந்த இரண்டு உத்திகளும் எடுபடா. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல், அருகருகே உள்ள இரண்டு அதிர்வெண்களையும் மழைத்துளிகள் சேர்த்தே விழுங்கிவிடும்.