உஷார்! கருமாதி முடிந்த கையோடு கேட்கப்படும் கையெழுத்து

“ஒரே ஒரு கையெழுத்துதான் அக்கா. வாரிசு சான்றிதழுக்கு.”

அப்பா போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரிப்பதற்கு முன்பே இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் காலையிலேயே வாசலில் கார் நின்றது. தம்பியே டிபன் வாங்கிக் கொடுத்து அழைத்துப் போனார். பத்திர ஆபீஸில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, மெஷினில் கைரேகை, ஒரு போட்டோ. “தெரிஞ்சுதானே போடுறீங்கம்மா?” என்று அதிகாரி கேட்டதற்கு, அழுது வீங்கிய கண்ணோடு தலையாட்டியிருக்கிறார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது கையில் ஒரு புடவையும் வெற்றிலை பாக்கும் இருந்தன.

இரண்டு வருடம் கழித்து மகளின் காலேஜ் ஃபீஸுக்குப் பணம் தேவைப்பட்டது. தன் பங்கை வைத்துக் கடன் வாங்கலாம் என்று வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்று அவர் எழுதிக் கொடுத்தது, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். நஞ்சை, புஞ்சை, கிணற்றுப் பங்கு, மோட்டார் எல்லாமே அதில் அடக்கம். ‘ரொக்கம் பெற்றுக்கொண்டேன்’ என்று வேறு எழுதியிருந்தது. அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

அதனால் இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். வாரிசு சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார். வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற்றுவதும் வருவாய்த் துறையின் வேலைதான். இந்த இரண்டுக்கும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் போய்க் கைரேகை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கலாம். அதற்காக யாரும் யாருக்கும் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வாரிசு சான்றிதழ் என்று சொல்லிவிட்டுப் பத்திர ஆபீஸ் பக்கம் வண்டி திரும்பினால், அங்கேயே நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுங்கள்.

பெண்ணுக்கும் சொத்தில் பங்கு என்ற இந்த உரிமை யாரோ போட்ட பிச்சை இல்லை. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சமசொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்திலும் 25.3.1989-க்கு முன் கல்யாணமான பெண்களுக்குப் பங்கு கிடையாது என்று ஒரு விலக்கு இருந்தது. இன்றைக்கும் கிராமத்துப் பஞ்சாயத்தில் அதைத்தான் சொல்லி வாயை அடைக்கிறார்கள். “உனக்கு எண்பத்தஞ்சுலயே கல்யாணம் ஆயிடுச்சே, உனக்கு ஏது பங்கு?” என்று யாராவது கேட்டால் நம்பாதீர்கள். 9.9.2005 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம் கல்யாணமானவர், ஆகாதவர் என்று பிரிக்கவே இல்லை. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு எவ்வளவோ, மகளுக்கும் அவ்வளவு. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும், தேவையில்லை என்று 11.8.2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்துவிட்டது.

அடுத்து வருவது, “நாங்க எப்பவோ பாகம் பிரிச்சாச்சு” என்ற கதை. 20.12.2004-க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் டிக்ரியோ இருந்தால்தான் அந்தப் பேச்சு நிற்கும். வாய்ப்பேச்சுப் பாகத்தையும் பதிவாகாத வெள்ளைத்தாளையும் நீதிமன்றம் அவ்வளவு லேசில் ஏற்பதில்லை. அப்பா தன் சுயசம்பாத்தியத்தை முறையாக உயிலாகவோ செட்டில்மென்ட்டாகவோ எழுதி வைத்திருந்தால் அதில் மகள் பங்கு கேட்க முடியாது, உண்மைதான். ஆனால் எழுதி வைத்தார் என்று சொன்னால் போதாது. காகிதத்தைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

“நகை போட்டுச் சீர் செஞ்சு அனுப்பினோமே, அதுதான் உன் பங்கு” என்பார்கள். சீர் கொடுத்ததால் நிலத்தில் பங்கு போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பங்கு கேட்டால் பொறந்த வீட்டு வாசல் அடைந்துவிடுமே என்ற பயம்தான் பெண்களைப் பேசவிடாமல் செய்கிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. மனம் ஒப்பித் தம்பிக்கு விட்டுக்கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

கணவரை இழந்தவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மாமனார் பெயரிலேயே கிடக்கும் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, எல்லாம் செய்வார்கள். பட்டாவில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் சொசைட்டியில் பயிர்க்கடன் கிடைப்பது கஷ்டம், வெள்ள நிவாரணமும் கொழுந்தன் கணக்குக்குப் போய்விடும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டில் சாகுபடியாளர்களாகப் பதிவானவர்களில் 100-க்குச் சுமார் 14 பேர்தான் பெண்கள். வயலில் குனிந்து நிற்பவர்களை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய அநியாயம் என்று தெரியும். கணவர் மாமனாருக்கு முன்பே இறந்திருந்தாலும் மருமகள் முதல் வரிசை வாரிசுதான். மறுமணம் செய்தால் பங்கு போய்விடும் என்ற பழைய பிரிவும் 2005-இல் நீக்கப்பட்டுவிட்டது.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இன்றைக்கே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வந்துவிடும், இல்லையென்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் அவகாசம். கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு கிடையாது என்று ஒதுக்கியது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். ‘பொங்கல் முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்’ என்று தள்ளிப் போட்டே கெடுவைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100.

நாளைக் காலையில் “பத்திர ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போ” என்று யாராவது கூப்பிட்டால், பத்திரத்தின் நகலை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு, தலைப்பிலிருந்து சொத்து விவரத்தில் உள்ள கடைசி சர்வே எண் வரை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நகல் தரமாட்டோம் என்றால் காரில் ஏறாதீர்கள்.