கொயினா மரம் தேடிச் சென்றவர்

நம் பாட்டன்மார் காலத்தில் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் கண்டால் கொயினாவே மருந்து. அதன் பெயரைக் கேட்டதுமே முகஞ் சுளித்த பிள்ளைகள் பலர். அந்தக் கசப்பு சிங்கோனா என்னும் மரத்தின் பட்டையில் உள்ளது. அம்மரமோ தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைச் சரிவுகளுக்கு உரியது. அது அங்கிருந்து நீலகிரிக்கும் நமது ஹக்கலைக்கும் வந்து சேர்ந்த கதையில், றிச்சாட் ஸ்புறூஸ் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாருக்குப் பெரும் பங்கு உண்டு. அப்பணியில் அவர் தம் உடல் நலத்தையே இழந்தார் என்றால் மிகையாகாது.

ஸ்புறூஸ் 1817 இல் யோக்சயர் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். தாமும் சில காலம் கணிதம் கற்பித்தார். மெலிந்த உடம்பினர், அடிக்கடி நோய்வாய்ப்படுபவர். பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசியினங்களே அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை. இத்தகைய ஒருவர் 1849 இல் அமேசன் காடுகளுக்குப் புறப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் அவர் தாயகம் திரும்பவில்லை.

தாவரம் சேகரிப்பது எளிய பொழுதுபோக்கு என்று கருதுதல் வேண்டா. பறித்த செடியைத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்த வேண்டும்; ஈரமான தாள்களை இடையறாது மாற்ற வேண்டும். இடைவிடாது மழை பொழியும் காட்டில் தாள் உலர்வது எப்போது? உலர்ந்தவற்றைப் பூஞ்சணமும் எறும்பும் விட்டுவைப்பதில்லை. இத்தனையும் கடந்து இங்கிலாந்து சேர்ந்த மாதிரிகளை அங்குள்ள அறிஞர்கள் விலை கொடுத்து வாங்கினர். ஸ்புறூஸ் உண்டதும் உடுத்ததும் அப்பணத்தைக் கொண்டே.

1854 இல் ஒறினோக்கோ நதிக்கரையில் மைப்பூறெஸ் என்னும் ஊரில் அவரைக் காய்ச்சல் பற்றியது. முப்பத்தெட்டு நாட்கள் படுக்கையிற் கிடந்தார். பணிவிடைக்கு அமர்த்திய மாது, இவர் எப்போது இறப்பார் என்று அவர் காதுபடவே ஏசிக்கொண்டிருந்தாளாம். கொயினாவை உட்கொண்டு ஒருவாறு உயிர் பிழைத்தார். காய்ச்சலைப் பரப்புவது நுளம்பு என்பதை அக்காலத்தில் எவரும் அறியார். சதுப்பு நிலத்துத் தீய காற்றே காரணம் என நம்பினர். நுளம்பின் குற்றம் வெளிப்பட்டது 1897 இலேதான்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் நீக்ரோ நதி வழியே திரும்புகையில் நேர்ந்தது இன்னுங் கொடியது. ஓரிரவு கரையோரக் குடிசையில் ஊஞ்சற் படுக்கையில் அவர் கிடந்தார். படகோட்டிகள் நால்வர் சற்றுத் தொலைவில் தம் மொழியிற் பேசிக்கொண்டிருந்தனர். அம்மொழி இவருக்கு விளங்கும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. நோயாளியான வெள்ளையரை உறக்கத்திற் கொன்றுவிட்டுப் பொருளைப் பங்கிடுவதே அவர்களது ஆலோசனை. வயிற்றுப்போக்கினால் அன்றிரவு பலமுறை எழுந்து சென்றவர், மீண்டும் அவ்வாறே செல்பவர் போல வெளியேறிப் படகினுள் புகுந்தார். செடி உலர்த்தும் தாட்கட்டுகளை அரணாக அடுக்கி, துப்பாக்கியைக் கையிற் பிடித்தபடி விடியுமட்டும் விழித்திருந்தார். சேகரிப்பவரின் தாள் இவ்வாறும் பயன்பட்டது!

1857 இல் பேரு நாட்டிலிருந்து எக்குவடோர் செல்லும் வழியில், ஆற்றுச் சுழியின் பேரிரைச்சல் கேட்டு அவருடைய நாய் சுல்தான் வெருண்டு உணவை வெறுத்தது. அதனைத் தம் கையாலேயே சுட நேர்ந்தது. நெடுநாட் தோழனை இழந்த துயரம் அவர் குறிப்புகளில் வெளிப்படுகின்றது.

இந்தியாவிலும் ஏனைய குடியேற்ற நாடுகளிலும் காய்ச்சல் ஆயிரமாயிரம் உயிர்களைக் கொண்டுசென்ற காலம் அது. அந்தீஸ் காடுகளிலோ பட்டைக்காக மரங்களை வெட்டி வீழ்த்திக்கொண்டிருந்தனர். எனவே சிங்கோனாவை இந்தியாவிற் பயிரிட பிரித்தானிய அரசு தீர்மானித்தது. முயற்சியை முன்னின்று நடத்தியவர் கிளெமென்ற்ஸ் மாக்கம். சிம்பொராசோ மலையின் மேற்குச் சரிவில் வளரும் செம்பட்டை இனத்தைச் சேகரிக்கும் பொறுப்பு ஸ்புறூஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

1860 ஏப்ரில் 29 ஆம் நாட் காலை கண் விழித்தபோது முதுகும் கால்களும் அசையவில்லை. அன்று தொட்டு, வலியின்றி நடக்கவோ நிமிர்ந்து அமரவோ அவரால் இயன்றதில்லை. ஆயினும் யூன் மாதத்தில் குதிரையேறி மலைக்காட்டை நோக்கிப் புறப்பட்டார்! எக்குவடோரில் அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. காட்டின் உரிமையாளருக்கு நானூறு டொலர் கொடுத்து, பட்டையைத் தொடுவதில்லை என்ற உடன்பாட்டின்பேரில் விதைக்கும் கன்றுக்கும் அனுமதி பெற்றார். ஆகவே அவர் திருடினார் என்று கூறுவதற்கில்லை. எனினும் தன் செல்வம் கைநழுவுவதை உணர்ந்த அந்நாடு, மறு ஆண்டிலேயே கன்றும் விதையும் வெளிச் செல்வதைத் தடை செய்தது. அந்நாட்டார் மனத்தாங்கலில் நியாயம் இல்லையென்று யார் சொல்வார்?

யூலையில் றொபேட் குறொஸ் என்னும் தோட்டக்கலைஞர் துணைக்கு வந்து சேர்ந்தார். ஸ்புறூஸ் ஒரு லட்சம் விதைகளைத் திரட்டி உலர்த்தினார். குறொஸ் கிளைத்துண்டுகளை வேரூன்றச் செய்து, எறும்பினின்றும் புழுவினின்றும் காத்தார். கன்றுகளைக் கடல் கடத்த உதவியது வாட் என்னும் லண்டன் மருத்துவர் கண்ட பெட்டி. இறுக மூடிய கண்ணாடிப் பெட்டியில் மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியிற் படிந்து, மீண்டும் மண்ணிற் சொட்டும். உப்புக்காற்று உட்புகாது, நெடுநாள் நீர் ஊற்றவேண்டிய அவசியமும் இல்லை.

இப்பெட்டிகளைத் தெப்பத்தில் ஏற்றி, டிசம்பர் இறுதியில் பெருக்கெடுத்த ஆற்றில் இறங்கினர். தெப்பம் கரைகளில் மோதியது, தாழ்ந்த மரக்கிளைகள் மேற்கூரையை நொறுக்கின, பெட்டிகள் தூக்கியெறியப்பட்டன. ஆயினும் கன்றுகள் தப்பின. 1861 சனவரி 2 ஆம் நாள், 637 கன்றுகளுடன் குறொஸ் குவாயாக்கில் துறைமுகத்தினின்றும் கப்பலேறினார். பனாமா, இங்கிலாந்து ஆகியவற்றைச் சுற்றி வந்து, தப்பிப் பிழைத்தவை நீலகிரியில் நடப்பட்டன.

அதே 1861 இல், நுவரெலியாவுக்கு அண்மையில் ஹக்கலைத் தோட்டம் சிங்கோனாவுக்காகவே அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் தோட்டத்துரைமார் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1869 இல் கோப்பி இலைகளைச் செம்மஞ்சள் நோய் பற்றி, தோட்டங்கள் அழியத் தொடங்கிய பின்னரே சிங்கோனாவை நாடினர். 1886 இல் ஏறத்தாழ நூற்றைம்பது லட்சம் இறாத்தல் பட்டை இங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. சந்தை நிரம்பி விலை வீழ்ந்தது. பொலிவிய விதையிலிருந்து ஒல்லாந்தர் யாவாவில் வளர்த்த இனமோ பன்மடங்கு மருந்துச்சத்து உடையது. இங்கு மரங்களைப் பிடுங்கித் தேயிலையை நட்டனர். 1934-35 இல் மலேரியா இலங்கையில் எண்பதாயிரம் பேரளவில் கொன்றபோது, உலகின் கொயினாவிற் பெரும்பகுதி யாவாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

ஸ்புறூஸின் சேமிப்போ 1861 இல் குவாயாக்கிலில் ஒரு வணிக நிலையம் முறிந்ததில் அழிந்தது. 1864 இல் ஊர் திரும்பியவருக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுண் உபகாரச் சம்பளம் கிடைத்தது. இந்திய அரசு மேலும் ஐம்பது பவுண் வழங்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. யோக்சயரில் ஒரு சிறு குடிலில், பெரும்பாலும் படுத்தபடியே, இளமையில் விரும்பிய பாசியினங்களை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து பெருநூல் ஒன்றை எழுதி முடித்தார். 1893 டிசம்பர் 28 ஆம் நாள் காலமானார். காட்டில் எழுதிய அவருடைய குறிப்புகளை, அமேசனில் அவருடன் பழகிய அல்பிறெட் றசல் வலஸ் என்னும் அறிஞர் 1908 இல் இரு பாகங்களாகப் பதிப்பித்தார். தாட்கட்டுகளின் பின்னே அவர் விழித்திருந்த இரவையும், சுல்தானின் முடிவையும் நாம் அறிவது அந்நூலினின்றே.