உங்களுக்குத் தெரியுமா? மூடுபனிச் சிற்பமும் வளரும் சட்டையும்

★ செயற்கைப் பனிப்படிகத்தை உலகில் முதன்முதலில் உருவாக்கியவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா. 1936-இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிரறையில் அது நடந்தது. படிகம் பற்றிக்கொண்டு வளர இடம் கொடுத்தது ஒரு முயல் முடி.

அவருடைய மகள் ஃபுஜிகோ நகாயா ஓவியரானார். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கை மூடுபனியால் போர்த்தும் வேலை அவரிடம் வந்தது. ரசாயனப் புகை அவருக்கு வேண்டாம். வருகிறவர்கள் உள்ளே நடக்க வேண்டும், முகத்தில் ஈரம் படவேண்டும். ஆகவே சுத்தமான தண்ணீர்தான் பனியாக வேண்டும் என்றார். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மேக இயற்பியலாளர் தாமஸ் மீ இதற்கு வழி கண்டார். மிக நுண்ணிய துளையுள்ள குழல்முனைகள் வழியே அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் அது மூடுபனியாகிவிடும். அரங்கின் வெள்ளைக் கூரை காற்றுக்கேற்ப மறைந்தும் தெரிந்தும் நின்றது. உலகின் முதல் மூடுபனிச் சிற்பம் அதுதான்.

கலைக்காகப் பிறந்த அந்த நுட்பம் பிறகு தோட்டப்பயிர்களை உறைபனியிலிருந்து காக்கவும், மின்நிலைய எரிவாயு விசையாழிகளுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கவும் போனது. அறிவியல்தான் கலைக்குக் கொடுக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஃபுஜிகோ தம் சிற்பங்களின் பெயரில், அருகிலுள்ள வானிலை நிலையத்தின் எண்ணைச் சேர்ப்பார். ஸ்பெயினின் பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருப்பதன் எண் 08025.

★ ஒசாகா அரங்கை வடிவமைத்தது 'கலை, தொழில்நுட்பச் சோதனைகள்' என்ற அமெரிக்கக் குழு. பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவரும் ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க்கும் இன்னும் இருவரும் 1966-இல் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், நியூயார்க்கின் ஒரு படைக்கலக் கொட்டகையில், 10 கலைஞர்களும் சுமார் 30 பொறியாளர்களும் சேர்ந்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள்.

★ பெல் ஆய்வகத்தின் மைக்கேல் நோல், 1964-இல் மோன்ட்ரியன் பாணியில் ஒரு கோட்டுச் சித்திரத்தைக் கணினியால் வரையவைத்தார். மோன்ட்ரியன் 1917-இல் தீட்டிய அசலின் நகலையும் இதன் நகலையும் 100 பேரிடம் காட்டினார். கணினிப் படம் எது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர். கணினிப் படமே பிடித்திருக்கிறது என்றவர்கள் 59 பேர்!

அவருடைய இன்னொரு கணினிப் படத்துக்குப் பதிப்புரிமை கேட்டபோது, "இயந்திரம் செய்தது" என்று அமெரிக்க அலுவலகம் மறுத்தது. நிரல் எழுதியது மனிதன்தானே என்று விளக்கினார். படத்தில் தற்செயல் எண்கள் இருக்கின்றனவே என்று மறுபடியும் தடை. அந்த எண்களையும் ஒரு கணித விதிதான் தருகிறது என்று புரியவைத்த பிறகே பதிவு கிடைத்தது. செயற்கை நுண்ணறிவுப் படங்கள் யாருக்குச் சொந்தம் என்று இப்போது நீதிமன்றங்களில் நடக்கும் வாதம், அறுபது ஆண்டுக்கு முன்பே ஒரு பதிவு மேசையில் தொடங்கிவிட்டது.

★ 1968 ஆகஸ்டில் லண்டனில் 'சைபர்னெட்டிக் செரென்டிபிட்டி' கண்காட்சியை அமைத்தவர் க்யூரேட்டர் யாஷா ரைகார்ட். குறிப்பைப் படிக்காமல், எது ஓவியர் செய்தது, எது பொறியாளர் செய்தது, எது கணித அறிஞர் செய்தது என்று பார்வையாளருக்குத் தெரியாது. அது தெரியவும் வேண்டியதில்லை என்பதே அவர் நிலைப்பாடு. கார்டன் பாஸ்க் அமைத்த தொங்கும் உருவங்கள் ஒளியாலும் ஒலியாலும் ஒன்றோடொன்று பேசின; பார்க்க வந்தவர்கள் கைவிளக்கும் கண்ணாடியும் கொண்டு அந்தப் பேச்சில் கலந்துகொண்டார்கள். படைத்தவர் பெயரைத்தான் நாம் நினைவில் வைக்கிறோம். இப்படி ஒரே கூரையின் கீழ் எல்லோரையும் கூட்டிவந்தவர் பெயரையும் வைக்க வேண்டும்.

★ க்யூரேட்டர் ஒருவர் கலைப்படைப்பைச் சாகடிக்க வேண்டி வந்ததும் உண்டு. ஓரான் காட்ஸ், யோனாட் சூர் இருவரும் உயிரணுக்களைக் கொண்டு வளர்த்த, உள்ளங்கைக்குள் அடங்கும் தோல் சட்டை, 2008-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருந்தது. உயிரணுக்கள் மட்டுமீறி வளர்ந்து, சட்டையின் கை பிரியத் தொடங்கியது. பொறுப்பிலிருந்த பாவ்லா அன்டோனெல்லி ஊட்டச்சத்தை நிறுத்தச் சொன்னார். அந்த முடிவால் இரவில் தூக்கம் வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

★ 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் இருந்தது! அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்க இசைஞர் டேவிட் ட்யூடர். கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலானோர் அதில் மின்னணு இசை படைத்தார்கள். அந்த ஒலிநாடாக்களை நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து கண்டெடுத்தவர் பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ். 2023-இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. இந்திய இசை வரலாற்றில் அரை நூற்றாண்டாக விடுபட்டிருந்த பக்கம் அது.

★ ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985-இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள், பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் ஃப்ளாப்பிகளுக்குள் கிடந்தன. அமிகா அறிமுக விழாவின் வீடியோவை யூடியூபில் பார்த்த கலைஞர் கோரி ஆர்கேஞ்சல்தான் தேடத் தூண்டியவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர், வழக்கில் இல்லாத கோப்பு வடிவத்தைப் பிரித்து ஆராய்ந்து படங்களை மீட்டார்கள். 2014-இல் உலகம் அவற்றைப் பார்த்தது. அவற்றில் ஒன்று, மூன்று கண் கொண்ட வீனஸ்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஃப்ளாப்பி, கேசட், வீடியோ நாடா ஏதாவது இருக்கிறதா? காந்தப் பூச்சு நிரந்தரமானதல்ல. படிக்கும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. எடைக்குப் போடுமுன், தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.