எண் சீட்டு உணவாகிவிடாது

நண்பகல் நேரம். உணவுக் கடையில் ஒருவர் மீ கோரெங் கேட்கிறார். கடைக்காரர் உடனே ஓர் எண் சீட்டைக் கொடுக்கிறார். உணவு இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் வரிசை நிற்கவில்லை. அடுத்தவர் வந்து தமக்கு வேண்டியதைச் சொல்கிறார். அந்தச் சீட்டையே உணவென்று நினைத்துச் சாப்பிட உட்காருபவர் யாராவது உண்டா? கணினி நிரல் எழுதும் நம் இளையர்கள் சிலர் அதைத்தான் தெரியாமல் செய்கிறார்கள்.

1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே கவனிக்கும் மொழி. தரவுத்தளத்திடம் ஒரு விவரம் கேட்டால், பதில் வரச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை நிரல் கைகட்டி நின்றால், அதே இணையத்தளத்தில் இருக்கும் மற்ற எல்லாரும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். அதனால் பதில் வருமுன்பே 'பிராமிஸ்' எனும் வாக்குறுதி கைக்கு வருகிறது. அதுதான் எண் சீட்டு. அதற்கு மூன்று நிலைகள்: காத்திருப்பு, நிறைவேற்றம், மறுப்பு.

பிராமிஸ், கிளாஸ் இரண்டும் 2015ஆம் ஆண்டுத் தர வரையறையில் ஒன்றாகவே இம்மொழிக்குள் வந்தன. பதில் வரும்வரை அந்த வேலையை மட்டும் நிறுத்திவைக்கும் 'அவெய்ட்' 2017இல் சேர்ந்தது.

ஒரு சொல் விட்டுப்போனால்...

ஒரு கிளினிக்கின் நோயாளிப் பதிவேட்டை ஒரு கிளாஸாக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'இவருக்கு அனுமதி உண்டா?' என்று தரவுத்தளத்திடம் கேட்க அதில் ஒரு மெத்தட் இருக்கிறது. அதை அழைக்கும்போது 'அவெய்ட்' விட்டுப்போனால் என்ன ஆகும்? 'இஃப்' கட்டளைக்குக் கிடைப்பது பதில் அல்ல, பிராமிஸ். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் அதை 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும். 'அனுமதி இல்லை' என்ற பதில் வந்து சேருமுன் கதவு திறந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அனுமதி உள்ளவர் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அனுமதி இல்லாதவர் உள்ளே நுழைந்து, பிறருடைய நோய் விவரங்களைப் படித்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

பாதி வெந்த பொருள்

இன்னொரு தவறு, கன்ஸ்ட்ரக்டருக்குள் தரவைக் கேட்பது. 'நியூ' என்றதும் பொருள் கைக்கு வந்துவிடும். தரவு பிறகுதான் வரும். கன்ஸ்ட்ரக்டரை 'ஏசிங்க்' ஆக்கவும் மொழி இடம் தருவதில்லை. இதற்கு எளிய வழி உண்டு. 'கிரியேட்' என்ற ஸ்டேட்டிக் மெத்தட் ஒன்றை எழுதி, தரவு வரும்வரை அதில் காத்திருந்து, வந்த தரவைக் கன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்துப் பொருளை உருவாக்கலாம்.

எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒன்றையொன்று சாராத மூன்று கேள்விகளுக்குத் தலா 200 மில்லி விநாடி என்றால், வரிசையாகக் கேட்க 600 ஆகும். 'பிராமிஸ் ஆல்' மூலம் ஒரே நேரத்தில் கேட்டால் ஏறக்குறைய 200இல் முடியலாம். அதற்குத் தரவுத்தள இணைப்புகள் போதிய அளவு இருக்க வேண்டும்.

மறுப்பையும் கேளுங்கள்

தரவுத்தளம் சில வேளை கைவிரிக்கும். அந்த மறுப்பை யாரும் பிடிக்காவிட்டால், 2020இல் வந்த நோட் ஜேஎஸ் 15 முதல் இயல்பாக நிரலே நின்றுவிடும். அதற்குப் பயந்து, 'கேட்ச்' எழுதி உள்ளே வெறுமையாக விடுவோரும் உண்டு. அது இன்னும் மோசம். எதுவும் சேமிக்கப்படாமலேயே, 'சேமித்தாயிற்று' என்று திரை சொல்லும். அதை நம்பி நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆகவே, தரவுத்தளத்தைத் தொடும் ஒவ்வொரு மெத்தடிலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். பதில் வந்துவிட்டதா? வராவிட்டால் அதை யார் கவனிப்பது? எண் சீட்டு வைத்திருப்பவர் இன்னும் பசியாறவில்லை என்பதை மறக்க வேண்டாம்.